யார் சொன்னால் பேக்கப்?

புதிதாக உதவி இயக்குநர்களாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, சீரியல் செட்டில் கால் வைப்பதற்கு முன்னால் சில இங்கிலீஷ் வார்த்தைகளைப் பழகிக்கொள்ளுங்கள். பயப்படாதீர்கள், இலக்கணமெல்லாம் வேண்டாம். ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி வால், அவ்வளவுதான். காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டால் பிக்கப். இறங்கினால் மேக்கப். உள்ளே லைட்டும் காமிராவும் வைத்தால் செட்டப். வேர்த்தால் டச்சப். வில்லி படியில் இறங்குவதற்குள் அரை எபிசோடை ஓட்டினால் பில்டப். அழுதால் க்ளோசப். ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் பிரேக்டவுன். எல்லாம் முடிந்தால் பேக்கப். முழு வாக்கியம் பேச இங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

எங்கள் வசனகர்த்தா ஒருவர் தமிழ்ப் பற்று மிகுந்து ஒரு நாள் மாலை செட்டு நடுவில் நின்று, "மூட்டை கட்டுங்கள்" என்று கணீரென்று சொன்னார். ஒருவரும் அசையவில்லை. லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி மட்டும், "யார சார் வேலையவுட்டுத் தூக்கிட்டாங்கோ?" என்று கவலையாகக் கேட்டான். பிறகு நான் "பேக்கப்" என்று கத்தினேன். கூடம் கண்மூடித் திறப்பதற்குள் காலியானது.

கத்துவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. நான் கோ டைரக்டர். டைரக்டர் பக்கத்து அறையில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நினைப்பதை, செட்டில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்லுகிறவள். லைட்மேன் முதல் கதாநாயகி வரை எல்லோருக்கும் அக்கா. இப்போது ஓய்வு பெற்று சாந்தோமில் வீட்டோடு இருக்கிறேன், ஆனால் தொண்டை ஓய்வு பெறவில்லை. எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் கதவைச் சாத்தாமல் போகிறவர்களை விசாரித்துப் பாருங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கோ டைரக்டர் ஒருவர் இருந்தார். வெற்றிலை வாய், மூக்குக்கு மேல் கோபம். அவர் எனக்கு விதித்த முதல் விதி, கடைசி ஷாட் முடியும் முன்னால் அந்தக் கடைசி வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது. "அதை நெனச்சாக்கூட வாய மூடிக்கினு நெனை" என்பார். அபசகுனம் என்று நினைத்துக்கொண்டு நான் தலையாட்டிவைத்தேன். விஷயம் சகுனம் இல்லை என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

பேக்கப் என்ற சத்தம் காதில் விழுந்ததும் என்னவெல்லாம் நடக்கிறது என்று ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். வாசலில் ஜெனரேட்டர் ஆள் கரண்டை நிறுத்துகிறார். லைட்மேன்கள் அந்த நம்பிக்கையில் கனெக்டர்களைப் பிடுங்குகிறார்கள். மேக்கப்மேன் சவுரியை உருவுகிறார். டிரைவர்கள் வண்டியை முறுக்குகிறார்கள். ஒருவரும் திரும்பி, நிஜமாகவா என்று கேட்பதில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு, நான் அந்த வார்த்தையை வைத்து ஆடிய ஆட்டத்தைக் கேளுங்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு பழைய வீடு. சொந்தக்காரர்கள் அமெரிக்காவில். திரைச்சீலையை மாற்றினால் அது நல்லவன் வீடு, சோபாவை மாற்றினால் கெட்டவன் வீடு. அப்படி எத்தனையோ சீரியல் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து பிரிந்திருக்கின்றன. எதிர்வீட்டு மாமிக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. எங்கள் வேன் அவர் கேட்டை மறைக்கிறது என்று ஒரு நாள், லைட்மேன்கள் ஸ்டாண்டை தடால் தடால் என்று போடுகிறார்கள் என்று மறுநாள், ஏதாவது ஒன்று இருக்கும்.

அந்த சீரியலில் மாமியாராக நடித்தவர் லோசனி அம்மா. முழுப்பெயர் மீனலோசனி. அதே மயிலாப்பூரில் இரண்டு தெரு தள்ளி, மாடியில் தனியாகக் குடியிருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை வெளிநாடு. அவர் நடிப்பைப் பார்த்து வீட்டில் தட்டை வீசியவர்கள் உண்டு, அப்படி ஒரு கொடுமைக்காரி. நேரில் பார்த்தால் எறும்புக்கு வழி விட்டு நடப்பார்.

அவருக்கு ஒரே ஒரு சங்கடம். காலம் முழுக்க ப்ராம்ப்டிங்கில் நடித்தவர். காமிராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லச் சொல்ல, நடிகர் அதைக் காதில் வாங்கி உணர்ச்சியோடு திருப்பிச் சொல்லுவது. குரலைப் பிறகு டப்பிங்கில் போட்டுக்கொள்வார்கள். அதில் லோசனி அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நீங்கள் உப்புச்சப்பில்லாமல் வாசிப்பீர்கள், அவர் வாயில் அது வேறாகி வரும். ஆனால் இந்த சீரியலில் லைவ் சவுண்ட் என்றார்கள். மைக்கில் விழுவதுதான் டி.வி.யில் வரும். ப்ராம்ப்டிங் போச்சு. அந்த அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயதில் வசனத்தை மனப்பாடம் செய்யவேண்டிய நிலை. காதுக்குள் வைக்கும் ஸ்பீக்கரை மாட்டிப் பார்த்தோம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் திரும்பிப் பார்த்தார். கழற்றிவிட்டோம்.

சின்னச் சின்ன வசனமாகக் கொடுத்து நாளை ஓட்டினோம். ஒரு வெள்ளிக்கிழமை எபிசோடுக்கு மட்டும் அது நடக்காது என்று ஆனது. அவ்வளவு நாளும் மருமகளை விரட்டிய மாமியார், மருமகள் பெட்டியோடு நிற்கும்போது முதல்முறையாக மனம் மாறுகிற இடம். ஒரே க்ளோசப், வெட்டில்லாமல் ஒரே வசனம். மருமகளாக நடித்தது நிவேதா என்ற பெண், கெட்டிக்காரி.

வசனம் இதுதான்: "உன்னை இந்த வீட்டை விட்டுப் போன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இன்னிக்கு நீயே போறேன்னு நிக்கிறே. இப்ப சொல்றேன், போகாதே. நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"

சாதாரண வசனம்தானே என்பீர்கள். நீங்கள் முகத்துக்கு நேரே லைட்டை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

சீரியலில் ஒரு நடிகரை நிறுத்தவேண்டும் என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? பாத்திரத்தைக் கொன்றுவிடுவார்கள். கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ, சந்தன மாலை, ஒரு மின்சார விளக்கு. மறு எபிசோடிலிருந்து குடும்பம் அந்தப் போட்டோவைப் பார்த்துப் பேசும். அன்று காலை ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் லோசனி அம்மா படம் போட்ட ஒரு ஃப்ரேமைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சாத்திவைத்தான். அந்த வசனம் வராமல் போனால் என்று டைரக்டர் ஹரி முன்னேற்பாடாகச் சொல்லிவைத்தது. ஹரி கெட்டவன் இல்லை. சின்ன வயசு, தினமும் ஒரு எபிசோடு கொடுத்தாகவேண்டும், தலைக்குமேல் சேனல்.

மோர் எடுக்கப் போன லோசனி அம்மா அதைப் பார்த்துவிட்டார். நான் ஓடினேன். அவர் ஃப்ரேமைக் கையில் எடுத்து மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கு சித்தே சப்பையா விழுந்திருக்கே. மாலை என்ன, நெஜ சந்தனமா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல.

"எங்காத்துக்காரருக்கே நான் பிளாஸ்டிக் மாலைதான் போட்டேன். நேக்கு இங்க ராஜ மரியாதை."

சிரித்தார். நானும் சிரித்தேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார், விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"இதோ பாருடீம்மா. காசு பணம்னு நான் கேக்கலை. பிள்ளை அனுப்பிண்டுதான் இருக்கான். காலம்பற வண்டி வரும்னு இருக்கறதோல்லியோ, அதனாலதான் எழுந்து குளிச்சுப் புடவை மாத்திக்கறேன். நாளைக்கு வண்டி வரலேன்னா நான் எதுக்குப் புடவை மாத்திக்கணும், சொல்லு?"

மோரை ஊற்றிக் கொடுத்தேன்.

மதியம் ஷாட் வைத்தோம். மயிலாப்பூரில் லைவ் சவுண்ட் எடுப்பது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். கோயில் மணி அடங்கினால் காக்கா. காக்கா அடங்கினால் ஸ்பீக்கர் கட்டிய தக்காளி வண்டி. எல்லாம் அடங்கியபோது லோசனி அம்மா ஆரம்பித்தார். பிரமாதமாக வந்தது. "இன்னிக்கு நீயே போறேன்னு நிக்கிறே. இப்ப சொல்றேன்..." அங்கே நின்றுவிட்டது. கண்ணில் ஒரு வெறுமை. மறுபடி எடுத்தோம். மறுபடியும் "இப்ப சொல்றேன்". அதற்குப் பிறகு சுவர்.

திரும்பத் திரும்ப அதே இடம். டச்சப் ஆள் போய் நெற்றியை ஒற்றிவிட்டு வந்தார். நிவேதா தண்ணீர் கொடுத்தாள். நான் உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினேன், அவர் பார்வை என் வாய்க்கு வந்து க்ளோசப்பே பாழாயிற்று. கடைசியில் ஒரு தடவை, "இப்ப சொல்றேன்" வரைகூட வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "எல்லாரையும் நிக்க வெச்சுண்டிருக்கேனே" என்றார். மேலே ஏணியில் நின்ற லைட்மேன்கூட வேறுபக்கம் பார்த்துக்கொண்டான்.

ஹரி என்னை மானிட்டர் அறைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, போதும்க்கா. என்னால பாக்க முடியல. பேக்கப் சொல்லிடுங்க. நாளைக்கு போட்டோவ வெச்சு ஷூட் பண்ணிக்கலாம்."

"இன்னொரு டேக் பாக்கலாம் ஹரி."

"வேணாம்க்கா. அவங்கள நாமளே அசிங்கப்படுத்துறோம்."

அவன் சொன்னதும் நியாயம்தான். அந்த அறையிலிருந்து கூடத்துக்கு ஒரு சின்ன நடைதான். அதைக் கடப்பதற்குள் எனக்கு ஒன்று பளிச்சென்றது. டேக்குகளுக்கு நடுவில், காமிரா ஓடாதபோது, இந்த அம்மா நிவேதாவோடு எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறார்? தடங்கலே இல்லாமல். கதை கதையாக. இவருக்கு மறதி என்று நாங்கள் முடிவு கட்டியது தப்பு. "ஆக்‌ஷன்" என்ற சத்தம்தான் இவர் வாயைக் கட்டுகிறது. அப்படியானால் அந்தக் கட்டை அவிழ்க்க ஒரே ஒரு சத்தம்தான் உண்டு. அதை விடப் பெரிய நிம்மதி ஒரு நடிகருக்குக் கிடையாது.

காமிராமேன் காதருகே போனேன். "ஓட்டிக்கிட்டே இரு. நான் என்ன சொன்னாலும் நிறுத்தாதே." சவுண்ட் ரெக்கார்டிஸ்டுக்குக் கண் காட்டினேன். லைட் யூனிட் தலைவர் கரீம் பாய் வாசல் பக்கம் நின்றார். ராயப்பேட்டைக்காரர், எனக்கு முன்னாலேயே தொழிலுக்கு வந்தவர், மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேராகச் சொல்லுகிறவர். அவரிடம் விளக்க நேரமில்லை. உள்ளங்கையை விரித்து, அணைக்காதே என்று சைகை காட்டினேன். அவர் புருவம் மேலே போயிற்று, ஆனாலும் வெளியே ஜெனரேட்டர் ஆளுக்கும் பக்கத்தில் நின்ற பையன்களுக்கும் அதே கையைக் காட்டினார்.

கூடத்து நடுவில் வந்து நின்றேன். "பேக்கப்" என்றேன். உடனே, "சத்தம் போடாம கட்டுங்க, எதிர்வீட்டு மாமி சண்டைக்கு வந்துடுவாங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த மாமி எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

லோசனி அம்மாவின் தோள் இறங்கியது. ஒரு மூச்சு விட்டார். என் தந்திரம் நிவேதாவுக்கும் தெரியாது. அவள் எழுந்து, "வரேன்மா" என்று குனிந்தாள். குரல் உடைந்திருந்தது, போட்டோ விஷயம் அவளுக்கும் தெரியும்.

லோசனி அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சித்த இரு. அந்த வசனத்தை உன்கிட்ட சொல்லிட்டுப் போயிடறேன். நாளைக்கு நேக்கு வாயில்லை, போட்டோவாயிடுவேன்."

பிறகு அவள் முகத்தையே பார்த்தார். அவளை மட்டும் பார்த்தார், எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "உன்னை இந்த வீட்டை விட்டுப் போன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்" என்று ஆரம்பித்தார்.

அடடா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே சமயம் வலது பக்கம் கண் போனது, அங்கே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஏணியில் ஏழுமலை என்ற லைட்மேன். அவனுக்கு என் சைகை தெரியாது. என் சத்தம் மட்டும் கேட்டது. பேக்கப் என்றால் கரண்டு இருக்காது என்ற நம்பிக்கையில் அவன் கனெக்டரைப் பிடுங்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் முகம் வேறுபக்கம். எரிகிற லைட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கனெக்டரின் ரப்பர் கிழிந்திருந்தது, கம்பி தெரிந்தது, நாளைக்கு மாற்றவேண்டும் என்று காலையில்தான் பாய் சொல்லிக்கொண்டிருந்தார்.

கத்தினால் ஷாட் போய்விடும். கத்தாவிட்டால் ஒரு உயிர். என் வாய் திறந்தேவிட்டது. நிச்சயமாகக் கத்தத்தான் போனேன். அதற்குள் கரீம் பாய் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கூடத்தின் ஓரமாக ஓடி, ஏழுமலையின் கணுக்காலை கப்பென்று பிடித்துவிட்டார். அவன் திடுக்கிட்டுக் குனிந்தான். பாய் தலையை மட்டும் ஆட்டினார். அவன் கை அந்தரத்தில் நின்றது.

"இப்ப சொல்றேன்" என்றார் லோசனி அம்மா.

நான் மூச்சை நிறுத்தினேன். கூடமே நிறுத்தியது.

"போகாதே." கொஞ்சம் விட்டார். "நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"

நிவேதா அப்படியே உட்கார்ந்து அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கிளிசரின் எதுவும் இல்லை. லோசனி அம்மா அவள் தலையைத் தடவினார். பாய் இன்னும் அந்தக் கணுக்காலை விடவில்லை. ஹரி மானிட்டர் அறை வாசலில் வந்து நின்றான், ஹெட்போன் கழுத்தில், கண் சிவந்து. அவனாகவே மெல்ல, "கட்" என்றான்.

யாரும் கைதட்டவில்லை. லோசனி அம்மா நிமிர்ந்து காமிராவைப் பார்த்தார், அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஏமாத்தினியாடீ என்னை?"

"ஆமாம்மா."

"முன்னாடியே ஒரு ஜாடை காட்டப்படாதோ? மூஞ்சியெல்லாம் எண்ணெய் வழிஞ்சுண்டு, இப்படியா காட்டுவா க்ளோசப்புல?"

கோபம்தான், நிஜக் கோபம். பிறகு மானிட்டரில் போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். ஹரி ஆர்ட் ஆளைக் கூப்பிட்டு ஃப்ரேமை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வேகத்தில் கூடத்துக்கு வந்து, "பேக்கப்" என்று உரக்கச் சொன்னேன்.

ஒருவரும் அசையவில்லை.

மறுபடி சொன்னேன். லைட்மேன்கள் அத்தனை பேரும் கரீம் பாயைப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பாய் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னாக்கா, எந்த பேக்கப் இது? நெஜமா, டூப்பா?"

"பாய், அந்தம்மாவுக்காகத்தான்..."

"அந்தம்மாக்கு நல்லது பண்ண, ஒத்துக்கறேன். நானும் பாத்துகினுதான் கீறேன், எனக்கும் கண்ல தண்ணி வந்துச்சு. ஆனா மேல நிக்கறவன் உசுரு உன் வாயிலதான் கீது. நீ பேக்கப்புன்னா அவன் கண்ண மூடிகினு கைய வைக்கறான். இன்னிக்கு அவன் கால நான் புடிச்சேன். நாளைக்கு நான் டீ குடிக்கப் போயிருந்தா?"

நான் அண்ணாந்து ஏணியில் நின்ற ஏழுமலையைப் பார்த்தேன்.

"இனிமே நீ பேக்கப் சொன்னா என் பசங்க எறங்க மாட்டாங்கோ" என்றார் பாய். அவரே போய் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஏழுமலை ஏணியிலிருந்து இறங்கினான்.

கோபத்தில் சொல்லுகிறார், நாளைக்கு ஆறிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் மாலை நான் பேக்கப் சொன்னேன், கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார்கள். ஹரி வந்து சொன்னான். பாய், "நீ உள்ள குந்திகினு கீற சார், உனுக்கு வெளிய இன்னா நடக்குதுன்னு தெரியாது" என்று அவனையும் தள்ளுபடி செய்தார். வேன் டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டு மாமி பால்கனிக்கு வந்துவிட்டார்.

"பின்ன யார்தான் சொல்றது பாய்?" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது.

பாய் தாடியைத் தடவினார். மூலையில் உட்கார்ந்து சவுரியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த லோசனி அம்மாவைக் காட்டினார். "அந்தம்மா சொல்லட்டும். இந்த வார்த்தைய வெச்சு யார ஏமாத்தினீங்களோ, அவங்க இத்த வெச்சு யாரையும் ஏமாத்த மாட்டாங்கோ."

லோசனி அம்மா எழுந்துவிட்டார். சவுரியைக் கீழே வைத்தார், தலைப்பைச் சரிசெய்துகொண்டார், கூடத்து நடுவுக்கு வந்தார். "எப்படிச் சொல்லணும்? கோபமாவா, சாந்தமாவா?" என்று கேட்டார்.

"சொம்மா சொல்லும்மா" என்றார் பாய்.

"பேக்கப்" என்றார் லோசனி அம்மா.

ஜெனரேட்டர் நின்றது. பையன்கள் தடதடவென்று இறங்கினார்கள். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல். எத்தனையோ வருஷம் நடித்திருக்கிறார், அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் ஓடியது அதுதான் முதல்முறை.

அன்றிலிருந்து அந்த சீரியலில் பேக்கப் சொல்லுவது லோசனி அம்மாதான். காட்சி இருக்கும் நாளில் வண்டி போய்க் கூட்டிவரும். காட்சி இல்லாத நாளிலும், கோயிலுக்குப் போய்விட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு சாயங்காலம் நடந்தே வந்துவிடுவார். "முடிஞ்சுடுத்தா? நான் சொல்லிடலாமா?" என்று என்னிடம் ஜாடையில் கேட்பார். ஒரு நாள் வில்லியின் குரலில் சொல்லுவார், ஒரு நாள் தாலாட்டு மாதிரி இழுப்பார். லைட்மேன்கள் இன்றைக்கு எந்த ராகம் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டுவார்கள். நான், ஊரையே நடுங்க வைத்த கோ டைரக்டர், ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் கொஞ்சம்கூட வருத்தம் கிடையாது. சரி, முதல் வாரம் இருந்தது.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அன்று செய்ததை நான் மறுபடியும் செய்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் கரீம் பாயிடம் முன்னாலேயே போய், ஒரு நிமிஷம் செலவழித்து, ஒவ்வொரு ஏணிக்கும் ஆள் நிறுத்திவிட்டுச் செய்வேன். நாம் வாயால் சொல்லுவதை இன்னொருத்தர் கையால் செய்கிறார். நமக்குத் தொண்டை வலிக்கும், அவ்வளவுதான். அவருக்குக் கையே போகும். கத்துவதற்கு முன்னால் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். எனக்கு அந்த வெற்றிலை வாய்க்காரர் சொல்ல வந்தது இதுதான் போலிருக்கிறது. அவர் திட்டிய திட்டில் காரணத்தைச் சொல்ல மறந்துவிட்டார்.

சீரியல் நன்றாகவே ஓடியது. போகப்போக லோசனி அம்மாவுக்கு நிஜமாகவே ஞாபகம் தேய ஆரம்பித்தது. இந்தத் தடவை ஆக்‌ஷன் மேல் பழி போட முடியவில்லை. நிவேதாவைத் தன் நிஜ மருமகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார், என் பெயர் நழுவிவிட்டது. வசனமே இல்லாத காட்சிகளாக எழுதச் சொன்னோம். மாமியாருக்குப் பக்கவாதம் என்று கதையில் ஒரு திருப்பம் வைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணால் மட்டும் நடிக்கவிட்டோம். அந்தக் கண்ணுக்கே கடிதம் கடிதமாக வந்தது. கொன்று சுவரில் மாட்டலாம் என்று ஹரி ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. கடைசி ஷாட் முடிந்தது. வழக்கம்போலப் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி வாசலில் உடைத்தார்கள். கேக் வெட்டினார்கள். எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு லைட்மேன்கள் அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். ஏழுமலை ஏணியில். கரீம் பாய் வாசலில். லோசனி அம்மாவைக் கூடத்து நடுவுக்குக் கைபிடித்துக் கூட்டிவந்தோம்.

அவர் நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

காத்திருந்தோம். ஹரி என்னைப் பார்த்தான். நிவேதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர் ஒருத்தி சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். நான் அவளைத் தடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய்க் காதோடு கேட்டேன்.

"என்னம்மா, மறந்துடுச்சா?"

லோசனி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் மறந்துடறதுடீ. இது ஒண்ணு மட்டும் மறக்கமாட்டேங்கறதே" என்றார். சொல்லாமலே நின்றார். ஏழுமலை ஏணியிலேயே இருந்தான், பாய் ஒரு லைட்டைக்கூட அணைக்கவில்லை.